கலைச்சொல் வேண்டல்: ‘நோபிள் சாவேஜ்’

அன்புடையீர்,
நான் மொழிபெயர்க்கும் மெய்யியல் பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நாகரிகம் தீண்டாமல் வாழும் மனிதன் இயல்பிலேயே உயர்ந்தவன் என்னும் கருத்துருவான ‘நோபிள் சாவேஜ்’ என்பதை முன்பதிப்பில் ‘நல்ல காட்டுமிராண்டி’ என்று போட்டிருக்கிறார்கள். வகுப்பில் வாசித்தபோது மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். ‘மாண்புறு பழங்குடி’ எனலாமா?

*

ஐயா, ‘பழங்குடி’ வேண்டாம். அது இன்று வாழும் மக்களின் பெயர். இதுவோ ஐரோப்பியர் தம் நாகரிகத்தைக் குறைகூறுவதற்காக வரைந்துகொண்ட உரு. ‘சாவேஜ்’ என்பதன் பிரெஞ்சு மூலமான ‘சோவாஜ்’, காட்டைக் குறிக்கும் ‘சில்வா’ என்ற இலத்தீன் சொல்வழி வந்தது. நமக்குக் ‘கான்’ இருக்கிறது. தினைப்புனத்தில் புகும் யானையைக் கவண்கல் எறிந்து விரட்டும் கானவனைக் குறிஞ்சித்திணைப் பாடல்களில் காண்கிறோம். அப்பெயரில் இழிவு சிறிதும் இல்லை. ‘சால்’ என்னும் அடியிலிருந்து சால்பு, சான்றோர், சான்றாண்மை எல்லாம் கிளைத்தன. ‘சால்புறு கானவன்’ என்பது என் பரிந்துரை.

*

அம்மா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் தேர்வெழுதும் பிள்ளைக்கு விளங்காது. இழிவை நீக்கினால் கருத்தின் கூர்மையும் போய்விடும். 1580இல் பிரேசிலின் துப்பினம்பா மக்களைப் பற்றி எழுதிய பிரெஞ்சுக் கட்டுரையாளர் மொந்தேன், தமக்குப் பழக்கமில்லாததையே எல்லோரும் காட்டுமிராண்டித்தனம் என்கிறார்கள் என்று தம் நாட்டாரை நோக்கித்தான் சொன்னார். அந்த வசைச்சொல் இல்லாமல் அவர் வாதம் நிற்குமா?

*

‘சால்பு’ என்பதில் எனக்கும் தடை உண்டு. 1609இல் பிரெஞ்சு எழுத்தாளர் லெஸ்கார்போ, பிரான்சில் பிரபுக்களுக்கே உரிய வேட்டை, வட அமெரிக்காவின் மிக்மாக் மக்களில் எல்லோருக்கும் உரியதாக இருப்பதைக் கண்டு, இவர்கள் மெய்யாகவே ‘நோபிள்’, அதாவது பிரபுக்கள், என்றார். அங்கே அது குணத்தை அன்று, பிரபுக்களுக்குரிய உரிமைநிலையைக் குறித்தது. மெய்யியலாளர் ரூசோவோ 1755இல் வெளியான ஏற்றத்தாழ்வு பற்றிய உரையில் ‘சோவாஜ்’ என்று பலமுறை எழுதியும் ‘நோபிள்’ என்ற அடையைச் சேர்க்கவே இல்லை. இயற்கை நிலையில் மனிதர்க்குள் அறவுறவே இல்லையாதலால் அவர்கள் நல்லவருமல்லர், தீயவருமல்லர் என்பது அவர் கருத்து. நன்மை தீமை அறியாதவன்மேல் சால்பை எப்படி ஏற்றுவது? ரூசோ இயலில் ‘இயற்கை மனிதன்’ என்றே எழுதுங்கள்.

*

நன்றி. ரூசோ இயலில் ‘இயற்கை மனிதன்’ என்று திருத்திவிட்டேன். மற்ற இடங்களில், பிற மடல்களில் பெரும்பாலோர் ஒப்பியபடி ‘மாண்புறு காட்டுமனிதன்’ என்று போடுகிறேன்.

*

அச்சுக்குப் போகட்டும் ஐயா, தடுக்கவில்லை. ஆனாலும் என் மறுப்பைப் பதிந்துவைக்கிறேன்: காட்டுயானை, காட்டுப்பன்றி என்ற வரிசையில்தான் ‘காட்டுமனிதன்’ வந்து நிற்கிறான், கானவன் அப்படி நிற்பதில்லை.