டிரைவ் சைக்கிள்: கேட்டலிஸ்ட், ஈவாப் மானிட்டர்கள் முடியாமலே நிற்பது ஏன்?

கேள்வி:
என் பெட்ரோல் காரில் பின்புற ஆக்சிஜன் சென்சாரை மாற்றிய பிறகு, மெக்கானிக் ஸ்கேனர் மூலம் பிழைக் குறியீட்டை அழித்துக் கொடுத்தார். அதன்பின் செக் எஞ்சின் விளக்கு எரியவே இல்லை. ஆயினும் புகைப் பரிசோதனையில், கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்திகரிக்கும் கருவி), ஈவாப் (பெட்ரோல் ஆவிக் கட்டுப்பாடு) ஆகிய இரு மானிட்டர்களும், அதாவது காரின் கம்ப்யூட்டர் தானே நடத்தும் சோதனைகளும், இன்னும் முடியவில்லை என்று கூறித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாள்தோறும் ஊருக்குள் ஓட்டுகிறேன். டேங்கையும் நிரப்பியே வைத்திருக்கிறேன். இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓட்ட வேண்டும்?

பதில் 1:
இதைத் தீர்மானிப்பது தூரம் அன்று, ஓட்டும் சூழ்நிலை. குறியீட்டை அழித்தாலும் பேட்டரியைக் கழற்றினாலும் மானிட்டர்கள் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது), எரிபொருள் கலவை போன்றவற்றை கம்ப்யூட்டர் ஓயாமல் கவனிப்பதால் அவை விரைவில் முடிந்துவிடும். மற்றவை உரிய சூழ்நிலை அமையும்வரை காத்திருக்கும். அந்தச் சூழ்நிலைகளை அமைத்துத் தரும் ஓட்ட வரிசையே டிரைவ் சைக்கிள்.

கேட்டலிஸ்ட் நன்றாகச் சூடேறி வேலை செய்யும்போது, அதற்கு முன்னுள்ள ஆக்சிஜன் சென்சாரின் அளவு ஏறி இறங்கினாலும் பின் சென்சாரின் அளவு ஏறக்குறைய அசையாமல் இருக்கும். பெரும்பாலான கார்களில் கம்ப்யூட்டர் இந்த வேறுபாட்டைத்தான் அளக்கிறது. அதற்குச் சீரான வேகம் தேவை என்பதால், அடிக்கடி நின்று கிளம்பும் ஊர் ஓட்டத்தில் சோதனை தொடங்குவதே கடினம். நெடுஞ்சாலையில், சட்டம் அனுமதிக்கும் இடத்தில், 80 முதல் 95 கிலோமீட்டர் வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் ஆக்சிலரேட்டரை அசைக்காமல் ஓட்டுங்கள். பின்பு, பின்னால் வண்டி எதுவும் வராதபோது, பிரேக்கைத் தொடாமல் காலை எடுத்து வேகம் தானாகக் குறைய விடுங்கள்.

ஈவாப் முடியாததற்கு நீங்கள் டேங்கை நிரப்பி வைப்பதே காரணமாக இருக்கலாம். டேங்கிலிருந்து பெட்ரோல் ஆவி கசிகிறதா என்பதை அழுத்த மாற்றத்தைக் கொண்டே இந்தச் சோதனை கண்டறிகிறது. டேங்க் நிரம்பியிருந்தாலும் வற்றியிருந்தாலும் அந்த அளவீட்டை நம்ப முடியாது என்பதால் கம்ப்யூட்டர் சோதனையைத் தவிர்த்துவிடும். கால் பங்குக்கும் முக்கால் பங்குக்கும் இடையே வைத்திருங்கள். இரவு முழுவதும் வண்டி நின்று, கூலன்ட்டும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெளிக்காற்றும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைக்கு வந்த பின் ஸ்டார்ட் செய்வதும் பல கார்களில் கட்டாயம். சில மாடல்களில் எஞ்சினை அணைத்துச் சில மணி நேரம் கழித்தே இச்சோதனை நடக்கும் என்பதால், இடையில் பெட்ரோல் மூடியைத் திறக்காதீர்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் அப்படி ஓட்டியும் கேட்டலிஸ்ட் முடியாவிட்டால் கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்க வேண்டும். அது திறந்தபடி சிக்கிக்கொண்டால் எஞ்சின் தேவையான சூட்டை எட்டாது. விளக்கும் உடனே எரியாது. ஸ்கேனரின் நேரடி அளவீட்டில் கூலன்ட் வெப்பநிலை பெரும்பாலும் 85 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை ஏறி நிலைக்க வேண்டும். நெடுஞ்சாலையில் 65, 70 என்று இறங்கினால், ஓட்டிப் பயனில்லை. இன்னும் உறுதியாகாத குறியீடுகள் பதிவாகியுள்ளனவா என்றும் பாருங்கள். சென்சார் பழுது ஒன்று காத்திருந்தால் கேட்டலிஸ்ட் சோதனை நிறுத்திவைக்கப்படும். எக்காரணம் கொண்டும் மீண்டும் அழிக்காதீர்கள், முடிந்தவையும் போய்விடும்.

பதில் 3:
இரண்டும் முடிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமையான இபிஏவின் வழிகாட்டுதல், 2001 மற்றும் அதற்குப் பிந்தைய மாடல்களில் ஒரு மானிட்டர் முடியாமல் இருக்க இடமளிக்கிறது. 1996 முதல் 2000 வரையிலான மாடல்களுக்கு இரண்டு. கலிஃபோர்னியாவிலோ 2000 முதலான பெட்ரோல் கார்களில் ஈவாப் மட்டுமே விடுபடலாம். ஆகவே உங்கள் பகுதி விதியைப் பார்த்துவிட்டு, கேட்டலிஸ்ட்டுக்கே முதலிடம் கொடுங்கள். டிரைவ் சைக்கிளின் சரியான வரிசை உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று சுற்றிவரும் பொதுப் பட்டியல்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஸ்கேனரில் பார்த்தேன், கூலன்ட் 90இல் நிலையாக நிற்கிறது. நெடுஞ்சாலைக்குப் போகாமல், வண்டியை நிறுத்தியபடி எஞ்சினை மட்டும் நெடுநேரம் ஓடவிட்டால் போதுமா?

பதில் 1:
போதாது. ஐடிலிங் என்பது பல டிரைவ் சைக்கிள்களில் சில நிமிடப் பகுதி மட்டுமே. பெரும்பாலான கார்களில் கேட்டலிஸ்ட் சோதனைக்கு வேகமும் எஞ்சின் மீதான சுமையும் வேண்டும். கூலன்ட் சரியாக இருப்பதால், டேங்க் பாதியானதும் அதிகாலையில் கிளம்பி நேரே நெடுஞ்சாலையில் ஓட்டிவிடுங்கள்.