வீட்டுச் சிக்கனம்: எந்தப் பழக்கம் நிஜமாகவே பலன் தரும்?

சிக்கனசிகாமணி:

வணக்கம். கொஞ்ச நாளாக வீட்டுச் செலவையும் குப்பையையும் குறைக்க வேண்டும் என்று ஒரு வேகம் வந்திருக்கிறது. ஆனால் எங்கே தேடினாலும் "நூறு எளிய வழிகள்" என்று ஒரு நீளப் பட்டியல்தான் கிடைக்கிறது. அதில் சார்ஜரைப் பிடுங்கி வைப்பதும் வெந்நீரைக் குறைப்பதும் அடுத்தடுத்த வரியில் இருக்கின்றன, எது பெரிது, எது சும்மா மனத்திருப்திக்கு என்று யாரும் சொல்வதில்லை. நான் அறை அறையாகப் போய் சுவிட்சை அணைத்துக்கொண்டே இருப்பதில் வீட்டில் மற்றவர்களுக்கு எரிச்சல் வேறு. எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு தொங்க எனக்கும் பொறுமை இல்லை. அதனால் கேட்கிறேன், பணமும் மிச்சமாகி, சுற்றுச்சூழலுக்கும் உண்மையிலேயே நல்லது செய்கிற பழக்கங்கள் எவை? எவற்றை நிம்மதியாக விட்டுவிடலாம்? பெரிய முதலீடு (சோலார், மின்சாரக் கார் மாதிரி) வேண்டாம், அன்றாடம் செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

வாட்மீட்டர்:

நல்ல கேள்வி. மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு விதி போதும்: எது சூடாக்குகிறது, எது குளிரவைக்கிறது என்று பாருங்கள். பில்லின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும். வெளிச்சமும் சத்தமும் தருகிற சாமான்கள் பெரும்பாலும் கொஞ்சமாகத்தான் இழுக்கும்.

கணக்கே போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4.2 கிலோஜூல் வேண்டும். 20 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர 1,260 கிலோஜூல். ஒரு யூனிட் என்பது 3,600 கிலோஜூல், ஆக ஒரு வாளி வெந்நீருக்கு 0.35 யூனிட். அதே மின்சாரத்தில் 9 வாட் எல்இடி பல்பு ஒன்று 38 மணி நேரத்துக்கு மேல் எரியும், உங்கள் ஃபோனைப் பத்துப் பன்னிரண்டு முறையாவது முழுசாக சார்ஜ் செய்யலாம். இது ஒரு வாளிக்கு. ஷவரில் நிமிடத்துக்கு 10 லிட்டர் வந்தால் 8 நிமிடக் குளியலே நான்கு வாளி ஆகிவிடுகிறது, அப்புறம் வரவேற்பறை விளக்கை யார் அணைக்கவில்லை என்று சண்டை போடுவதில் என்ன இருக்கிறது சொல்லுங்கள்.

சார்ஜர் விஷயத்தை நிம்மதியாக விடலாம். ஃபோன் மாட்டாமல் செருகியிருக்கிற இக்காலத்து சார்ஜர் 0.1 வாட் அளவுக்குத்தான் இழுக்கும், வருடம் முழுக்க அப்படியே இருந்தாலும் ஒரு யூனிட்டைத் தொடாது. ஆனால் "அணைத்து வைத்திருக்கிறேன்" என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் எல்லாச் சாமானும் அப்படி இல்லை. இரவும் பகலும் இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் வருடத்துக்கு 8.76 யூனிட். டிவியோடு இருக்கும் பெட்டி 10 வாட் இழுத்தால் வருடத்துக்கு 87 யூனிட் சும்மாவே போகிறது. கை வைத்துப் பாருங்கள், யாரும் பயன்படுத்தாத நேரத்திலும் வெதுவெதுப்பாக இருந்தால் அதுதான் ஆள். அந்த மாதிரி சாமான்களை எல்லாம் சுவிட்சுள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டிவிட்டால் ராத்திரி ஒரு தட்டில் வேலை முடிந்தது.

துணி துவைக்கும் மெஷினிலும் இதே கதைதான். சூடான தண்ணீர் சுற்றில் ஓட்டினால் மின்சாரத்தில் பெரும்பகுதி தண்ணீரைக் காய்ச்சவே போகும், டிரம்மைச் சுற்ற இல்லை. சாதாரண அழுக்குக்குப் பச்சைத்தண்ணீர் போதும், மெஷின் நிறைந்த பிறகு ஓட்டுங்கள். டிரையருக்குப் பதில் கொடிக்கயிறு. ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் இருந்தால் போதும், பின்பக்கம் காற்றுப் போக இடம் விடுங்கள், கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சிரமமில்லாமல் வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். சமைக்கும்போது பாத்திரத்தை மூடி வையுங்கள், கொதி வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். கொதிக்கிற தண்ணீர் எவ்வளவு தீ வைத்தாலும் 100 டிகிரிக்கு மேல் போகாது, ஆவிதான் அதிகமாகும்.

கீசரின் தெர்மோஸ்டாட்டையும் 45 டிகிரி அளவுக்குக் குறைத்து வைத்துவிடலாம், குளிக்க அதற்கு மேல் எதற்கு.

குழாயடி:

மேலே சொன்னதில் கடைசி வரியை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். தொட்டி வைத்த கீசரில் வெந்நீர் தேங்கி நிற்கிறது. லீஜியனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையிலான தண்ணீரில் நன்றாக வளரும், அது நீராவித் துளிகளோடு மூச்சில் போனால் நிமோனியா வரலாம். தேக்கி வைக்கிற வெந்நீர் 60 டிகிரியில் இருப்பதுதான் பாதுகாப்பு, குளிக்கும்போது பச்சைத்தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் தேவைப்படும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போட்டு, அது முழுசாகச் சூடேறியதும் அணைத்துவிடுங்கள்.

தண்ணீர் என் துறை என்பதால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். எல்லோரும் பல் துலக்கும்போது குழாயை மூடச் சொல்வார்கள், சரிதான், நிமிடத்துக்கு 6 லிட்டர் வரும் குழாய் என்றால் இரண்டு நிமிடத்தில் 12 லிட்டர். ஆனால் யாரும் கவனிக்காமல் ஓடுவது கசிவு. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு, ஒரு சொட்டு கால் மில்லிலிட்டர் என்று வைத்தாலே 21 லிட்டர். இது கண்ணுக்குத் தெரிகிற கசிவு. கழிப்பறை ஃப்ளஷ் தொட்டி சத்தமே இல்லாமல் கசியும், அதைக் கண்டுபிடிக்க உணவில் சேர்க்கும் நிறத்தில் சில துளிகளைத் தொட்டிக்குள் விட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் வந்தால் கசிகிறது.

இன்னொன்று, குழாய் முனையில் மாட்டுகிற ஏரேட்டர். சின்னச் சல்லடை மாதிரி இருக்கும், காற்றைக் கலந்து விடுவதால் கை கழுவும்போது வித்தியாசமே தெரியாது, ஆனால் தண்ணீர் கணிசமாகக் குறையும். ஒருமுறை மாட்டிவிட்டால் யாரும் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். என் கேள்வி இதுதான்: தினமும் நினைவு வைத்துச் செய்கிற பழக்கம் எதற்கு, ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடக்கூடிய வேலை இருக்கும்போது? வீட்டில் எரிச்சலும் மிச்சம்.

வாட்மீட்டர்:

@குழாயடி 60 டிகிரிதான் சரி, நான் தொட்டி இல்லாத உடனடி ஹீட்டரை மனதில் வைத்து எழுதிவிட்டேன். தொட்டி உள்ளவர்கள் இவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

பழைய_சட்டை:

இரண்டு பேரும் மின்சாரம், தண்ணீர் என்று போய்விட்டீர்கள். எனக்கு என்னவோ, வாங்காமல் இருப்பதுதான் முதல் பழக்கம் என்று தோன்றுகிறது. பசுமை வாழ்க்கை என்று ஆரம்பிக்கிற பலர் முதலில் செய்வது கடைக்குப் போவது. மூங்கில் பிரஷ், கண்ணாடி ஜாடி வரிசை, ஸ்டீல் ஸ்ட்ரா, நாலைந்து துணிப்பை. வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு "பசுமை" டப்பா வாங்குவதில் குப்பையும் கூடுகிறது, காசும் போகிறது.

துணிப்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வுப்படி, புவி வெப்பமாதல் கணக்கில் மட்டும் பார்த்தால், ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான் ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு சமமாகும். டென்மார்க்கில் 2018-இல் வந்த ஆய்வில் அதே கணக்கு 52 முறை. பருத்தி விளைய தண்ணீரும் உரமும் நிறைய வேண்டும், அதனால் இப்படி. பிளாஸ்டிக் பை நல்லது என்று சொல்லவில்லை, அது சாக்கடையிலும் கடலிலும் போய்ச் செய்கிற வேலை இந்தக் கணக்குக்குள் வராது. நான் சொல்வது, இருக்கிற ஒரு பையைக் கிழியும் வரை தூக்குங்கள், கூட்டத்துக்குக் கூட்டம் இலவசமாகத் தருகிற துணிப்பையை வேண்டாம் என்று சொல்லிப் பழகுங்கள்.

ஃபோன் இதைவிடப் பெரிய விஷயம். ஒரு ஸ்மார்ட்ஃபோன் தன் ஆயுளில் உண்டாக்கும் கார்பன் உமிழ்வில் பெரும்பகுதி அது உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே, தயாரிப்பிலேயே முடிந்துவிடுகிறது. அதனால் பேட்டரியை மாற்றி இன்னும் இரண்டு வருடம் ஓட்டுவதற்கு ஈடாக எந்த சார்ஜர் சிக்கனமும் வராது. பழைய குண்டு பல்புக்கு இது நேர் எதிர்: 60 வாட் பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தந்துவிடும், நாளைக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் வருடத்துக்கு 90 யூனிட் மிச்சம், ஃப்யூஸ் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே கழற்றுங்கள். எதை மாற்றுவது, எதைக் கடைசி வரை வைத்துக்கொள்வது என்பதற்கு என் அளவுகோல், அது ஓடும்போது அதிகம் தின்கிறதா, செய்யப்படும்போதா என்பதுதான்.

உடைகளும் செய்யப்படும்போது தின்கிற ரகம். பட்டன் தைக்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஒருமுறை உடுத்தியதெல்லாம் அழுக்கு இல்லை என்பதையும். பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும் நான் யார் பக்கம் என்று.

நனைந்த_தீக்குச்சி:

எல்லாம் சரி. ஆலைகளும் மின்நிலையங்களும் புகை விட்டுக்கொண்டிருக்கும்போது நான் குழாயை மூடி என்ன ஆகப்போகிறது? இன்னொன்றும் இருக்கிறது. 1865-லேயே ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் எழுதிவிட்டார், நீராவி எஞ்சின் குறைந்த நிலக்கரியில் ஓட ஆரம்பித்ததும் நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடியது என்று. மலிவானால் அதிகம் பயன்படுத்துவோம், அவ்வளவுதான் மனிதன். கரண்ட் பில்லில் மிச்சம் பிடித்த காசில் விமானத்தில் சுற்றுலா போனால் என்ன பசுமை அது?

வாட்மீட்டர்:

ஜெவன்ஸ் சொன்னது ஒரு தொழில் முழுக்க மலிவானபோது நடந்தது. வீட்டில் எல்இடி போட்டவர் வெளிச்சம் மலிவாகிவிட்டது என்று ஏழு மடங்கு விளக்குப் போட மாட்டார், கொஞ்சம் கூடலாம், சேமிப்பு மொத்தமும் கரையாது. ஆனால் மிச்சமான காசு எங்கே போகிறது என்ற கேள்வி நியாயமானது. ஆலைகள் விஷயத்தில் ஓட்டுப் போடுங்கள், கேள்வி கேளுங்கள், அதைச் செய்துகொண்டே குழாயையும் மூடலாம், இரண்டுக்கும் ஒரே கை தேவைப்படாது.

மண்புழு:

இவ்வளவு நேரம் யாரும் சாப்பாட்டை எடுக்கவில்லையே! ஐநா சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-இல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் 60 சதவீதம் ஹோட்டலிலும் கடையிலும் இல்லை, வீடுகளில். வீணான உணவோடு அதை விளைவித்த தண்ணீர், உரம், ஏற்றி வந்த டீசல், நீங்கள் கொடுத்த காசு எல்லாமே போகிறது, குப்பைமேட்டில் காற்றுப்படாமல் அழுகும்போது மீத்தேன் வேறு. நூறு வருடக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 27 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

பழக்கம் என்று கேட்டால், ஃப்ரிட்ஜில் கண்ணுக்கு நேராக ஒரு தட்டை "முதலில் இதைத் தீர்" என்று ஒதுக்குங்கள். சீக்கிரம் கெடப் போகிறவை எல்லாம் அங்கே. ஃப்ரிட்ஜின் பின்மூலைக்குப் போன பாத்திரம் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. கடைக்குப் போவதற்கு முன் அந்தத் தட்டை ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இருப்பதையே மறுபடி வாங்க மாட்டீர்கள். பாக்கெட்டில் "பெஸ்ட் பிஃபோர்" என்று இருப்பது சுவையும் தரமும் பற்றியது, அந்தத் தேதி தாண்டிய உடனே விஷமாகிவிடாது, முகர்ந்து பார்த்து முடிவு செய்யலாம். "யூஸ் பை" என்று இருந்தால் மட்டும் விளையாட வேண்டாம்.

மிஞ்சும் தோலும் காம்பும் உரத்துக்கு. நாற்றம் வருகிறது, புழு வருகிறது என்று பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். காரணம் ஒன்றுதான், ஈரம் கூடிக் காற்று புகாமல் போவது. ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ போடுங்கள், அவ்வப்போது கிளறிவிடுங்கள், மூடியில் ஓட்டை இருக்கட்டும். பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரும் பதம் இருந்தால் மண்வாசனைதான் வரும்.

சிக்கனசிகாமணி:

எல்லோருக்கும் நன்றி, இதைத்தான் தேடினேன். சுவிட்ச் போலீஸ் வேலையை ராஜினாமா செய்கிறேன், வீட்டில் ஏற்கெனவே கொண்டாட்டம். வெந்நீர், ஃப்ரிட்ஜ் தட்டு, டிவி பெட்டிக்கு ஒரு போர்டு, இந்த மூன்றில் ஆரம்பிக்கிறேன். மூங்கில் பிரஷ்ஷைக் கூடையிலிருந்து எடுத்துவிட்டேன் @பழைய_சட்டை.

குழாயடி சொன்ன நிறச் சோதனையைச் செய்து பார்த்தேன், கிண்ணத்தில் நன்றாகவே நிறம் இறங்கியிருக்கிறது. பிளம்பரைக் கூப்பிட வேண்டுமா, நானே பார்க்கலாமா?

குழாயடி:

நீங்களே பார்க்கலாம். மூடியைத் திறந்து முதலில் தண்ணீர் மட்டத்தைக் கவனியுங்கள், நடுவில் நிற்கும் குழாயின் வாய்க்கு மேலே ஏறி உள்ளே வழிந்தால் மிதவையைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் போதும். மட்டம் சரியாக இருந்தால் அடியில் இருக்கிற ரப்பர் வளையம்தான். தண்ணீர் வரும் வால்வை மூடி, தொட்டியைக் காலி செய்து, ரப்பரைத் துடைத்துப் பாருங்கள், உப்புப் படிந்திருந்தாலே கசியும். துடைத்தும் நிற்கவில்லை, ரப்பர் விறைத்துப் போயிருக்கிறது என்றால் அதைக் கழற்றிக் கடைக்குக் கையில் எடுத்துப் போங்கள், கம்பெனிக்குக் கம்பெனி அளவு வேறு.