கெட்டி அட்டை இருக்கிறது, தையல் எங்கே?

நூலகப் பணியாளர்:
பிரிட்டன் பதிப்பகங்கள் 100 பவுண்டை ஒட்டிய விலையில் விற்கும் ஆய்வுப் புத்தகங்கள் பலவற்றில் கெட்டி அட்டை இருக்கிறதே தவிரத் தையல் இல்லை. முதுகின் மேல்விளிம்பைப் பார்த்தாலே தெரியும். தைத்த புத்தகத்தில் பாரங்கள், அதாவது மடித்த தாள்களின் தொகுதிகள், மடிப்பு மடிப்பாக வளைந்து நிற்கும். ஒவ்வொரு பாரத்தின் நடுவிலும் தையல் இழை ஓடும். இவற்றிலோ தனித்தாள்களைப் பசையில் நிறுத்தி, மேலே அட்டையைப் போர்த்தியிருக்கிறார்கள். நகலெடுக்க நாலு முறை அழுத்தி விரித்தால் முதுகு பிளந்து தாள்கள் கையோடு வந்துவிடுகின்றன. இந்த விலைக்கு இது அநியாயம்.

பதிப்புத் தொழிலில் இருப்பவர்:
விலையைத் தீர்மானிப்பது புத்தகக் கட்டு (பைண்டிங்) அன்று. ஒரு காலத்தில் ஆயிரத்துக்கு மேல் அச்சான ஆய்வுப் புத்தகம் இன்று சில நூறு பிரதிகளோடு நின்றுவிடுகிறது. நூலகங்களின் நிதியை ஆய்விதழ்ச் சந்தா விழுங்கிவிட்டது. மதிப்பீடு, செம்மையாக்கம், பக்க வடிவமைப்பு ஆகியவற்றுக்கான செலவோ 300 பிரதிகளுக்கும் 3000 பிரதிகளுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். தேவைக்கேற்ப அச்சிடும் டிஜிட்டல் இயந்திரம் பெரும்பாலும் தனித்தாள்களாகவே தருவதால், தைப்பதற்கு மடிப்பே இருப்பதில்லை. அம்முறை இல்லாவிட்டால் பல தலைப்புகள் என்றோ அச்சில் இல்லாமல் போயிருக்கும். பசை எல்லாமே மோசம் என்பதையும் ஏற்கமாட்டேன். விறைத்து விரிசல் விடுவது ஈ.வி.ஏ. (எத்திலீன் வினைல் அசிடேட்) பசை, பி.யூ.ஆர். (பாலியூரித்தேன்) பசை நெகிழ்ந்து கொடுத்து உறுதியாகப் பிடிக்கும்.

ஆய்வு மாணவி:
ஓரிரு ஆண்டுகள் கழித்து மிகக் குறைந்த விலையில் வரும் சாதா அட்டைப் பதிப்பிலும் அதே பசைக் கட்டுதானே இருக்கிறது? அப்படியானால் நூலகம் கூடுதலாகக் கொடுத்த பணம் எதற்கு? இந்த விலையில் மாணவர்கள் நகலகத்தைத்தான் நாடுவார்கள். தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகலகத்தின் மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்து, 2017இல் தாமாகவே அதைத் திரும்பப் பெற்றன.

பதிப்புத் தொழிலில் இருப்பவர்:
முதலீட்டை மீட்டுத் தருவது நூலகங்கள் வாங்கும் அந்தக் கெட்டி அட்டைப் பிரதிகளே. அவை விற்காவிட்டால் மலிவுப் பதிப்பு வெளிவராது.

நூலகப் பணியாளர்:
அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் தைத்த புத்தகம் பிரிந்தால் எங்கள் பைண்டர் பாரங்களை மறுபடி தைத்து, காலிகோ துணி ஒட்டித் தந்துவிடுவார். தனித்தாள் புத்தகத்தை அவர் உள்ளோரத்தில் துளையிட்டுத்தான் தைக்க முடியும். அதன்பின் அது முழுதாக விரியாது, வரிகளின் தொடக்கம் மடிப்புக்குள் போய்விடுகிறது. விலைப்பட்டியலில் பக்க எண்ணிக்கையும் அளவும் தரும் பதிப்பகங்கள், தைத்ததா ஒட்டியதா, எந்தப் பசை என்பதையும் ஒரு வரியில் தரட்டும். தைத்த பிரதிக்குப் பத்து பவுண்டு கூடுதல் என்றாலும் அதையே வாங்கப் பரிந்துரைப்பேன்.