முகாம் திடலுக்கு அரசு மானியம்: அனுபவம் உள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நான் வசிக்கும் டவுன்ஷிப்பின் (மாவட்டத்துக்குள் அடங்கிய சிறிய உள்ளாட்சி அமைப்பு) பூங்காக் குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன். ஏரிக்கரையிலுள்ள எங்கள் முகாம் திடலில் கூடாரம் அடிக்கும் இடங்கள் பள்ளமாகி மழைநீர் தேங்குகிறது. கழிப்பறைக்குச் சக்கர நாற்காலி செல்லும் பாதையே இல்லை. இவற்றைச் சீரமைக்க, கடலடி எண்ணெய், எரிவாயுக் குத்தகை வருவாயில் இயங்கும் ‘நிலம், நீர்ப் பாதுகாப்பு நிதியம்’ (Land and Water Conservation Fund) என்ற மத்திய அரசு நிதியத்தின் மானியத்துக்கு விண்ணப்பிக்க எண்ணியுள்ளோம். 2020ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிதியத்துக்கு ஆண்டுதோறும் 90 கோடி டாலரை உறுதி செய்திருந்தாலும், உள்ளாட்சி முதலில் முழுச் செலவையும் செய்துவிட்டு அதிகபட்சம் பாதியையே பின்னர் திரும்பப் பெறலாம் என்பது சிறிய டவுன்ஷிப்புக்குப் பெருஞ்சுமை. மானியம் பெற்ற நிலத்தை மத்திய அரசின் ஒப்புதலின்றி வேறு பயனுக்கு மாற்ற இயலாது என்ற நிபந்தனையும் உறுப்பினர் சிலரைத் தயங்க வைக்கிறது (என் பார்வையில் அதுவே இத்திட்டத்தின் சிறப்பு).

உள்ளாட்சி மானியப் பணிகளில் பழக்கமுள்ளவர்கள், தன்னார்வ உழைப்பையும் நன்கொடைப் பொருட்களையும் உள்ளாட்சியின் பங்காக எவ்வாறு மதிப்பிட்டுக் காட்டினீர்கள் என்பதையும், மாநில இயற்கை வளத் துறை கேட்கும் ஐந்தாண்டுப் பூங்காத் திட்டத்தைக் கட்டண ஆலோசகரின்றி எழுத முடிந்ததா என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.