மலைப்பக்கத்து ஆஸ்பத்திரியில் சேரப்போகிறேன், கைவேலை எங்கே பழகுவது?

அல்சூர் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் எம்பிபிஎஸ், இன்டர்ன்ஷிப் இரண்டும் முடிந்துவிட்டது. தேன்கனிக்கோட்டை தாண்டி மலைப்பக்கம் ஒரு டிரஸ்ட் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியில் குடும்ப மருத்துவராகச் சேரப்போகிறேன், நானே விரும்பி எடுத்த முடிவு. அங்கே மொத்தம் இரண்டே டாக்டர்கள். இன்னொருவர் லீவில் போனால் ராத்திரியில் நான் மட்டும்தான். பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் ஓசூருக்கோ கிருஷ்ணகிரிக்கோ அனுப்ப வேண்டும், மழைக்காலத்தில் அந்த மலை ரோட்டில் வண்டி இறங்க எவ்வளவு நேரமாகும் என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்.

என் கவலை இதுதான். படிப்பு இருக்கிறது, கை பழகவில்லை. நான் படித்த இடத்தில் பிஜி (மேற்படிப்பு) மாணவர்களே ஏராளம், செஸ்ட் டியூப் (நெஞ்சுக்குள் வைக்கும் குழாய்) போடுவதென்றால் அவர்கள் போடுவார்கள், நாங்கள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்போம். ரத்தம் எடுப்பது, ரிப்போர்ட்டுக்கு ஓடுவது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது, இதுதான் எங்களுக்கு. சாதாரணப் பிரசவம் பார்த்திருக்கிறேன், ஆனால் தோள் மாட்டிக்கொண்ட குழந்தையையோ நிற்காத ரத்தப்போக்கையோ தனியாகச் சமாளித்ததில்லை.

சேருவதற்கு இன்னும் சில மாதம் அவகாசம் இருக்கிறது. பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் (இதயம் நின்றவரை மீட்கும் பயிற்சிகள்), ஏடிஎல்எஸ் (விபத்தில் காயம்பட்டவரைக் காக்கும் பயிற்சி), அப்புறம் சனி ஞாயிறு ஒர்க்‌ஷாப் என்று ஏகப்பட்டது இருக்கிறது, எல்லாவற்றுக்கும் பணம் கட்ட என்னால் முடியாது. கட்டாயம் கையால் செய்து பழகிவிட்டுத்தான் போக வேண்டும் என்று எதைச் சொல்வீர்கள்?

கோலார் டாக்டர்:

வாழ்த்துகள் டாக்டர், நல்ல முடிவு. கோர்ஸ் பட்டியலை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். முதலில் அந்த ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, போன வருஷத்து லேபர் ரூம் ரெஜிஸ்டர், காஷுவாலிட்டி ரெஜிஸ்டர், ரெஃபரல் ரெஜிஸ்டர் மூன்றையும் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், முடிந்தால் நேரில் போய் உட்கார்ந்து படியுங்கள். உங்கள் பாடத்திட்டம் அதில்தான் இருக்கிறது. ராத்திரியில் வந்தது என்ன, கீழே அனுப்பியது என்ன, அனுப்ப நேரமில்லாமல் போனது என்ன. அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் பிரசவம், அழாத குழந்தை, பாம்புக்கடி, பூச்சிமருந்து, பைக் விபத்து, வலிப்போடு வரும் குழந்தை என்றுதான் இருக்கும். இவற்றில் அரை மணி நேரத்துக்குள் கை வைத்தே ஆக வேண்டியவற்றை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டு அதற்குப் பழகுங்கள்.

ஏடிஎல்எஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அது பெரிய நகரத்து ஆஸ்பத்திரிக்கானது என்று பலர் நினைக்கிறார்கள். 1976-ல் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு டாக்டர் ஓட்டிவந்த சின்ன விமானம் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் விழுந்தது, மனைவி அங்கேயே இறந்துவிட்டார், காயம்பட்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன கிராமத்து ஆஸ்பத்திரியில் எதை முதலில் செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த ஆற்றாமையில் பிறந்ததுதான் 1978-ல் தொடங்கிய அந்தப் பயிற்சி. ஆக, அது நம்மைப் போன்றவர்களுக்காக வந்தது. பணம் ஒரே ஒரு கோர்ஸுக்குத்தான் இருக்கிறது என்றால் அதற்குக் கட்டுங்கள்.

ஆனால் இரண்டு மூன்று நாள் கோர்ஸில் கை பழகிவிடாது. மீதி நாட்களில் கூட்டம் அதிகமுள்ள ஒரு லேபர் ரூமில் இரவு டியூட்டி பார்க்க அனுமதி கேளுங்கள். வாணி விலாஸ் போன்ற அரசு ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரியில் பார்ப்பதை ஒர்க்‌ஷாப்பில் பார்க்க முடியாது. பகலில் போனால் மறுபடியும் பிஜிக்குப் பின்னால்தான் நிற்பீர்கள், இரவில் ஆள் குறைவு, கூப்பிட்டுக் கையில் கொடுப்பார்கள்.

லேபர் ரூம் சிஸ்டர்:

மேடம், நான் பல வருஷமாக லேபர் ரூமில் வேலை செய்யும் நர்ஸ். சார் சொன்னதோடு ஒன்றே ஒன்று. தனியாகப் பழகாதீர்கள், உங்களோடு இரவில் நிற்கப்போகும் நர்ஸையும் சேர்த்துப் பழகுங்கள். குழந்தை அழாமல் பிறந்தால் நீங்கள் தாயிடம் இருப்பீர்கள், குழந்தையிடம் இருப்பது நாங்கள்தான். அரசாங்கம் 2009-ல் கொண்டுவந்த நவஜாத சிசு சுரக்ஷா பயிற்சி இரண்டே நாள்தான், டாக்டரும் நர்ஸும் ஒன்றாக உட்காரலாம், கேட்டுப் பாருங்கள்.

மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கை எல்லோரும் அமுக்குவார்கள். மாஸ்க்கைப் பிடிக்கத்தான் பழக வேண்டும். துணியை மடித்துத் தோளுக்கு அடியில் வைத்தால் கழுத்து லேசாக நிமிரும், ரொம்ப நிமிர்த்தினாலும் மூச்சு போகாது, தாடை நெஞ்சில் குத்தினாலும் போகாது. மாஸ்க் வாய், மூக்கு, தாடை நுனி மூன்றையும் மூட வேண்டும், கண்ணில் படக்கூடாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கின் மேல், மற்ற மூன்று விரலும் தாடை எலும்பின் மேல், கழுத்துச் சதையில் அழுத்தக்கூடாது. நிமிஷத்துக்கு 40-லிருந்து 60 தடவை, ஒவ்வொரு தடவையும் நெஞ்சு மேலே வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் வேகமாக அமுக்கிப் பயனில்லை, தலையையும் மாஸ்க்கையும் திரும்பச் சரிசெய்ய வேண்டும். இதெல்லாம் பிறந்த முதல் ஒரு நிமிஷத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். தண்ணீர் நிரப்பும் குழந்தை பொம்மை கிடைக்கிறது, பச்சைக் குழந்தையின் கனம் அப்படியே இருக்கும். உங்கள் டிரஸ்ட்டை ஒன்று வாங்கித்தரச் சொல்லுங்கள், லேபர் ரூமிலேயே வைத்துக்கொண்டு டியூட்டி மாறும் நேரத்தில் ஆளுக்கு இரண்டு நிமிஷம் செய்தால் போதும்.

ரத்தப்போக்குக்கும் அப்படித்தான். காண்டமை ஃபோலி குழாயில் (சிறுநீர் இறக்கும் குழாய்) நூலால் கட்டி சலைன் ஏற்றிக் கருப்பைக்குள் வைக்கும் முறை தெரியும்தானே, டாக்காவில் டாக்டர் சயீபா அக்தர் செய்து காட்டியது. தெரிந்தால் மட்டும் போதாது, அந்த நேரத்தில் நூல் எங்கே, குழாய் எங்கே என்று தேடக்கூடாது. எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு மேலே பெயர் எழுதி வையுங்கள், யார் கட்டுவது, யார் சலைன் பிடிப்பது என்று முன்பே பேசி வையுங்கள்.

சிவாஜிநகர் இ.ஆர்.:

பாம்புக்கடிக்கு நான் சொல்கிறேன். 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையை எல்லோரும் எளிது என்று விட்டுவிடுகிறார்கள், ஆனால் அதைத் தப்பாகச் செய்யும் இடங்கள்தான் அதிகம். கண்ணாடி டியூப் வேண்டும், பிளாஸ்டிக் கூடாது. புதிதாக, காய்ந்ததாக இருக்க வேண்டும், சோப்புத்தூள் போட்டுக் கழுவியதென்றால் நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கும், நாம் விஷம் என்று நினைத்துக்கொள்வோம். 2 மில்லி ரத்தம் விட்டு 20 நிமிஷம் யாரும் தொடாமல், ஆட்டாமல் வைத்து, அப்புறம் ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். தண்ணியாக ஓடினால் விஷமுறிவு மருந்து 10 குப்பி (வயல்), குழந்தைக்கும் அதே அளவுதான். ஏற்றுவதற்கு முன்னால் அட்ரினலின் சிரிஞ்சில் எடுத்துத் தயாராக இருக்க வேண்டும். கட்டுவிரியன் கடியில் இந்தச் சோதனையில் ரத்தம் சரியாகவே உறையும், அதை நம்பி விட்டுவிடாதீர்கள், இமை தொங்குகிறதா என்று பாருங்கள், அங்கே உயிரைக் காப்பது மூச்சுக் கொடுக்கும் கைதான்.

பழகுவதற்கு விலை உயர்ந்த பொம்மை எல்லாம் தேவையில்லை. ரஸ்ஸல் மார்க்கெட்டில் கோழிக்கால் வாங்கி எலும்புக்குள் ஊசி போட்டுப் பாருங்கள், ஊசி உள்ளே இறங்கும்போது கையில் தெரியும் அந்தச் சட்டென்ற தளர்ச்சியை ஒரு தடவை உணர்ந்துவிட்டால் நரம்பு கிடைக்காத குழந்தையிடம் தயங்க மாட்டீர்கள். செஸ்ட் டியூபுக்கு ஆட்டு விலா, மேலே தடிமனான ஸ்பாஞ்ச், கீழ் எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி நுழைய வேண்டும், ரத்தக்குழாய் மேல் எலும்புக்கு அடியில் ஓடுகிறது.

அல்சூர் பொண்ணு:

ரொம்ப நன்றி சார், சிஸ்டர். ரெஜிஸ்டர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, திங்கட்கிழமை போன் போடுகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். அங்கே ஒரு சின்ன ஸ்கேன் மெஷின் இருக்கிறதாம், ஆன்லைனில் கற்றுக்கொண்டு போகலாமா? சிசேரியன் கற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள், அது சரியா?

கோலார் டாக்டர்:

ஸ்கேன் விஷயத்தில் கவனம். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டத்தின் கீழ் மெஷினுக்குப் பதிவு வேண்டும், எம்பிபிஎஸ் டாக்டர் கர்ப்பிணிக்கு ஸ்கேன் பார்க்க ஆறு மாதப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், 2014 விதிகள் அதைத்தான் சொல்கின்றன. நல்ல எண்ணத்தோடு பார்த்தாலும் சட்டம் சட்டம்தான். பதிவுச் சான்றிதழில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

சிசேரியன் சில வாரத்தில் வரும் வித்தை இல்லை. அரசு டாக்டர்களுக்கு அவசரப் பிரசவப் பயிற்சியை முதலில் வகுத்தபோது 16 வாரம், மயக்க மருந்துக்கு 18 வாரம். இப்போது அதைத் தொட வேண்டாம். ஒரு வருஷம் அங்கே இருந்து பாருங்கள், பிடித்திருந்தால் குடும்ப மருத்துவத்தில் டிஎன்பி மேற்படிப்பில் சேரலாம், வேலையை விட முடியாதென்றால் வேலூர் சிஎம்சியின் தொலைதூரப் படிப்பு இருக்கிறது.

ராத்திரியில் போனில் கேட்க ஓசூர் பக்கத்தில் ஒரு மகப்பேறு டாக்டரும் ஒரு மயக்க மருந்து டாக்டரும் வேண்டும். சேருவதற்கு முன்பே நேரில் போய் அறிமுகம் செய்துகொண்டு நம்பர் வாங்கிவிடுங்கள்.