கைதிகளின் இக்கட்டு போட்டி நடத்தினேன், பிழையாய்ப் போய்விட்டது. எங்கே திருத்தலாம்?

கொக்குவில்காரன்:
ரியூசனில் உயர்தர ஐசிடி படிக்கும் பெடியளுக்கு ஒரு போட்டி வைத்தேன். ஆளுக்கொரு பைதன் புரோகிராம், ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் 200 சுற்று மோதும். கைதிகளின் இக்கட்டு (Prisoner's Dilemma) ஆட்டத்தில் ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் மற்றவர் என்ன செய்வார் என்று தெரியாமலே ஒத்துழைப்பதா, காலை வாரி ஏமாற்றுவதா என்று முடிவெடுக்க வேண்டும். இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3 புள்ளி, இருவரும் காலை வாரினால் 1, ஒருவன் மட்டும் வாரினால் அவனுக்கு 5, ஏமாந்தவனுக்கு 0, இதுதானே வழமை. விறுவிறுப்பாக இருக்கட்டும் என்று 5ஐ 7 ஆக்கினேன். இரண்டு கூட்டாளிகளின் புரோகிராம்கள் மாறி மாறி ஒன்றையொன்று வாரி முதல் இரண்டு இடத்தையும் பிடித்துவிட்டன. மற்றவர்களும், பதிலடி கொடுக்க அடுத்த சுற்று இல்லையென்று 200ஆவது சுற்றில் தவறாமல் வாரினார்கள், அதை ஊகித்தவன் 199இல் வாரினான்.

பழைய கோடர்:
தம்பி, வினையே அந்த 7தான். மாறி மாறி வாரினால் இரண்டு சுற்றுக்கு ஆளுக்கு 7, ஒழுங்காக நடந்தால் 6, பிறகு எவன் ஒத்துழைப்பான்? 5ஐயே வையுங்கள். சுற்று எண்ணிக்கையையும் சொல்லாதீர்கள். இந்த ஆட்டத்துக்கு முதன்முதலில் பேர்போன கணினிப் போட்டிகளை வைத்த அமெரிக்க அரசியல் அறிஞர் ரொபர்ட் அக்செல்ராட்டின் முதல் போட்டியிலும் 200 சுற்றுத்தான். 62 பேர் அனுப்பிய இரண்டாவதில் ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் ஆட்டம் முடிய 0.00346 வாய்ப்பு வைத்தார், கடைசிச் சுற்று எதுவென்று யாருக்கும் தெரியாது. இரண்டிலும் வென்றது அனடோல் ரபபோர்ட் என்ற ஆய்வாளர் அனுப்பிய 'பழிக்குப் பழி' (Tit for Tat) என்ற புரோகிராம், முதலில் ஒத்துழைக்கும், பிறகு எதிராளி போன சுற்றில் செய்ததையே திருப்பிச் செய்யும். அது எந்த எதிராளியையும் தனி ஆட்டத்தில் முந்தவே முடியாது, மொத்தப் புள்ளியில்தான் மேலே வரும். அதனால் வெற்றிகளை எண்ணாமல் புள்ளியைக் கூட்டுங்கள்.

நல்லூரான்:
அண்ணை சொல்வது சரி, ஆனால் பிழையே நடக்காத உலகில்தான் பழிக்குப் பழி ராசா. நூற்றில் ஒரு நகர்வைத் தற்செயலாக மாற்றிப் பாருங்கள். பழிக்குப் பழி புரோகிராம்கள் இரண்டு மோதும்போது ஒரு பிழை விழுந்தால் போதும், இன்று நீ நாளை நான் என்று அடுத்த பிழை வரும்வரை வாரிக்கொண்டே இருக்கும், எங்கள் ஊர் வேலிச் சண்டை மாதிரி. வாரியவனை மூன்றில் ஒரு தடவை மன்னிக்கும் புரோகிராம் இந்தப் புள்ளிக் கணக்கில் அங்கே நன்றாக நிற்கும்.

பழைய கோடர்:
ஓம், அதையும் சேர்க்கலாம். கூட்டாளிகள் விஷயத்தில் கவனம். 2004இல் நடந்த இதே மாதிரிப் போட்டிக்கு இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு 60 புரோகிராம்களை அனுப்பியது. முதல் சில நகர்வுகளிலேயே தங்கள் ஆளை அடையாளம் கண்டு, மீதிப் பேர் தோற்றுக்கொடுத்து, முதல் மூன்று இடத்தையும் எடுத்தார்கள். ஆளுக்கு ஒன்று என்ற விதி மட்டும் இதைத் தடுக்காது, ரகசியமாகப் பேசி வைத்தால் அதுவும் ஒரு குழுதான்.

கொக்குவில்காரன்:
நன்றி அண்ணைமார். அடுத்த கிழமை 5ஓடு மறுபடி ஓட்டுகிறேன். முதலிரண்டு பெடியளும் பரிசைத் திருப்பித் தரமாட்டார்களாம், "விதி எழுதினது நீங்கள்தானே சேர்" என்கிறார்கள்.