ரோட்டரி பிரஷ் கட்டருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சிறிய டிராக்டர் வைத்திருப்பவர்களுக்காக ஒரு வழிகாட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். 20 முதல் 50 குதிரைத்திறன் வரை உள்ள வண்டிகள். பின்னால் மாட்டிப் புதர் வெட்டுகிற கருவியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று அதில் ஓர் அத்தியாயம் வருகிறது. மூன்று வாரமாக அதன் முதல் வரியிலேயே நிற்கிறேன். கருவிக்குப் பெயர் கிடைக்கவில்லை.

ரோட்டரி பிரஷ் கட்டரை ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்தேன். 'சுழலும் தூரிகை வெட்டி' என்றது. ஓவியர்கள் கோபித்துக்கொள்வார்கள். சரி, பிரஷ் கட்டர் என்றே விட்டுவிடலாம் என்றால், தோளில் மாட்டிக்கொண்டு வெட்டும் சின்ன இயந்திரம் அந்தப் பெயரை எப்போதோ எடுத்துக்கொண்டது. ரோட்டரி என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் காதில் ரோட்டவேட்டர் என்று விழுகிறது. அது மண்ணைக் கிளறும் கருவி.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கவிழ்த்து வைத்த பெரிய இரும்புத் தட்டு போல இருக்கும். அதன் முதுகில் கியர்பாக்ஸ். எஞ்சினின் திறனைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொடுக்கும் டிராக்டரின் பிடிஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று தருகிறது. கியர்பாக்ஸ் அதைச் செங்குத்து அச்சுக்குத் திருப்பி, வேகத்தையும் கூட்டி, தட்டுக்கு அடியில் உள்ள இரண்டு பிளேடுகளைச் சுற்றவைக்கிறது. பிளேடுகள் இறுக்கி வைக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு தடித்த போல்ட்டில் தொங்கும். கல்லிலோ கட்டையிலோ பட்டால் பின்னால் மடங்கும். சுழற்சி வேகத்தில் மறுபடி விரிந்துகொள்ளும்.

என் பட்டியல்: சுழல்வெட்டி, புதர்வெட்டி, சுழற்புதர்வெட்டி, தூறுவெட்டி. எதைச் சொன்னாலும் எனக்கே நிறைவாக இல்லை. உதவுங்கள்.

——

தம்பிக்கு,

பட்டியலிலிருந்து தூறுவெட்டியை முதலில் எடுத்துவிடுங்கள். எனக்கும் ஆசைதான், புதருக்குத் தூறு என்பது பழைய, நல்ல சொல். ஆனால் ஆறு ஆற்றுநீரில் இரட்டிப்பதுபோல இதுவும் இரட்டித்தால் தூற்றுவெட்டி ஆகிவிடும். படிக்கிறவர் பதர் தூற்றும் இயந்திரம் என்று நினைப்பார். சுழற்புதர்வெட்டியில் சுழல்வது புதரா வெட்டியா என்று ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

மரத்தைத் துண்டாக வெட்டுவதற்குத் 'தறித்தல்' என்ற சொல் நம்மிடம் உண்டு. இலங்கைத் தமிழர் பேச்சில் இன்றும் மரத்தைத் தறிக்கிறார்கள், புதரைப் பற்றை என்கிறார்கள். வெட்டு என்பது எதற்கும் பொருந்தும் பொதுச்சொல். தறியில் தண்டு இரண்டாகப் போகும் ஓசையே கேட்கிறது. ஆகவே 'சுழல்தறி' என்று முன்மொழிகிறேன். சின்னச் சொல், நாவுக்கும் எளிது.

——

ஐயா, மன்னிக்கவும். சுழல்தறி என்றதும் விசைத்தறிக்குத் தங்கை பிறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். கருவி வாங்க வந்தவர் நூல் எங்கே என்று கேட்பார்.

இந்தக் கருவியைப் பல ஆண்டுகள் ஓட்டியவள் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் 'சுழல்'. இதை ஒதுக்கவே சொல்வேன். காரணம், வாங்குகிறவர் குழம்பும் இடமே அதுதான். அவர் முன்னால் வழக்கமாக இரண்டு கருவிகள் இருக்கும். ஒன்று நாம் பேசுவது. இன்னொன்று ஃபிளெயில் மோவர்: படுக்கைவாட்டில் ஓர் உருளை, அதில் வரிசையாகத் தொங்கும் சின்னச் சின்னப் பிளேடுகள். இரண்டும் சுழல்கின்றன! வித்தியாசம் அச்சு நிற்கிறதா படுத்திருக்கிறதா என்பதில். ஃபிளெயில் நறுக்கியதைப் பொடியாக்கிப் பரப்பும், கல்லை அதிகம் எறியாது, வேலை சீராக இருக்கும். ஆனால் விலை கூடுதல், பராமரிப்பும் கூடுதல். நம்முடையது முரட்டு வேலைக்கானது. வெட்டிய இடம் மொட்டையடித்தது போலச் சீராக இருக்காது, தண்டுகள் நீளமாகக் கிடக்கும். இந்த வேறுபாட்டைச் சொல்லாத பெயரால் வாங்குகிறவருக்கு ஒரு பயனும் இல்லை.

மற்ற நாடுகளில் ஓட்டுகிறவர்கள் இதைச் சுழற்சியை வைத்துப் பெயரிடவில்லை என்பதையும் கவனியுங்கள். அமெரிக்காவில் பேச்சுவழக்கில் 'புஷ் ஹாக்'. அது 1951இல் அலபாமாவின் செல்மா நகரில் தொடங்கிய நிறுவனத்தின் பெயர். புதரைப் பன்றி மேய்ந்ததுபோல் தின்கிறது என்ற பொருளில் வைத்தது, பிறகு எந்த நிறுவனம் செய்தாலும் அதுவே பெயராகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் 'ஸ்லாஷர்', வீசி வெட்டுவது. பிரிட்டனில் 'டாப்பர்', மேய்ச்சல் புல்லின் தலையைக் கொய்வது. ரோட்டரி என்பது விற்பனைப் பட்டியலின் சொல்.

அடுத்து வினை. அரி, கொய், சீவு, செதுக்கு, நறுக்கு, தறி, வெட்டு என்று நம்மிடம் எத்தனை! அரிவதற்குக் கூர்மை வேண்டும், இழுப்பு வேண்டும். இந்தப் பிளேடு கூர்மையை நம்பி வேலை செய்வதில்லை. தீட்டும்போதுகூட விளிம்பை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு மழுங்கலாக விடச் சொல்லும் கையேடுகள் உண்டு. சவரக் கத்திபோல் ஆக்கினால் முதல் கட்டையிலேயே பல்லுப் போய்விடும். வேகம்தான் வெட்டுகிறது. ஐந்து அடி அகலக் கருவி, கியர் விகிதம் 1:1.47 என்று வையுங்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 790 சுற்று. பிளேடு நுனி நொடிக்கு ஏறக்குறைய 63 மீட்டர், அதாவது மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அந்த வேகத்தில் ஒரு தடித்த இரும்புப் பட்டை வந்து மோதுகிறது.

இந்தச் செயலுக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது: வீச்சரிவாள். ஆமாம், செய்தித்தாளின் குற்றப் பக்கம்தான் நினைவுக்கு வரும். அரிவாளை விட்டுவிட்டு வீச்சை மட்டும் எடுத்துக்கொள்வோம். வீச்சுவெட்டி. வீசி வெட்டுவது என்ற பொருள் வருகிறது. தரையோடு படுக்கைவாட்டில் வீசுவதுபோல் மனத்தில் தோன்றுகிறது. எறிவது என்ற பொருளும் உள்ளே ஒளிந்திருக்கிறது; அதுவும் உண்மை, இந்தக் கருவி எறிந்த கல் ஒன்று என் டிராக்டரைத் தாண்டி முன்னால் போய் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். முன்னும் பின்னும் தொங்கும் சங்கிலித் திரையை யாராவது 'தனியாக வாங்கிக்கொள்ளலாம்' என்று சொன்னால் நம்பாதீர்கள் என்று உங்கள் அத்தியாயத்தில் எழுதுங்கள்.

——

அக்காவுக்கு நன்றி. வீச்சுவெட்டியை எடுத்துக்கொள்கிறேன். பேசிப் பார்த்தேன், 'வீச்சுவெட்டியை மாட்டு', 'வீச்சுவெட்டிக்கு கிரீஸ் அடிச்சாச்சா', நன்றாகவே ஓடுகிறது.

இரண்டு ஆட்சேபங்கள் தனிமடலில் வந்தன. ஒருவர், வீச்சம் என்றால் நாற்றம் ஆயிற்றே என்கிறார். அது வீச்சம், இது வீச்சு. ஏவுகணை வீச்சில் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. இன்னொன்று கனமான ஆட்சேபம்: ஃபிளெயிலின் பிளேடுகளும் தொங்கி வீசுகின்றனவே? உண்மைதான். அங்கே பல சின்னச் சாட்டைகள் மேலிருந்து கீழே அடிப்பதுபோல் இருப்பதால் அதற்குச் 'சாட்டைவெட்டி' என்று வைக்கிறேன். உருளைவெட்டி என்றால் புல்தரைக்கான சிலிண்டர் மோவரோடு மோதும். வீச்சும் சாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எது எது என்று தெரிந்துவிடுகிறது, அது போதும்.

அப்புறம் உறுப்புகள். கியர்பாக்ஸ், பிடிஓ, பிளேடு இவற்றைத் தொடப்போவதில்லை, எல்லாருக்கும் தெரிந்த சொற்கள். கியர்பாக்ஸுக்கு அடியில், பிளேடுகளுக்கு நடுவில் கவிழ்ந்த வட்டில் போல ஒன்று உண்டே, ஸ்டம்ப் ஜம்ப்பர், வெட்டிய அடிமரத்தின் மேல் கருவி வழுக்கி ஏறிப் போவதற்கு: கட்டைதாண்டி. அதிகச் சுமை வந்தால் தான் உடைந்து கியர்பாக்ஸைக் காப்பாற்றும் ஷியர் போல்ட்டுக்கு முறியாணி என்று எழுதியிருந்தேன். ஐயா உடனே பிடித்துவிட்டார்: முறி ஆணியா, முறியா ஆணியா? முறியாத ஆணி என்று புரிந்துகொண்டு எவராவது கடினமான போல்ட்டைப் போட்டால் போவது கியர்பாக்ஸ். எனவே முறிபோல்ட். பாதி தமிழ் பாதி கடன். ஆனால் தப்பாகப் படிக்க வழியில்லை.

அதே காவல் வேலையை உடையாமல், நழுவிக்கொடுத்துச் செய்யும் ஸ்லிப் கிளட்ச்சுக்கு நழுவு கிளட்ச். இதன் கீழே அக்கா தன் அனுபவத்தை ஒரு வரியாகச் சேர்க்கச் சொன்னார்: ஒரு பருவம் முழுக்க நிறுத்தி வைத்துவிட்டு அப்படியே ஓட்டினாராம். தட்டுகள் துருவேறி ஒட்டிப்போனதால் கிளட்ச் நழுவவே இல்லை. நெடுநாள் நின்ற கருவியை மாட்டும்போது ஸ்பிரிங்கைத் தளர்த்தி, ஒருமுறை நழுவவிட்டு, பிறகு பழைய அளவுக்கு இறுக்க வேண்டும்.

வாங்கும் கணக்கை அத்தியாயத்தில் இப்படி எழுதியிருக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்:

'வெட்டு அகலத்தில் அடிக்கு 5 குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது பிடிஓவில் கிடைக்கும் திறன், எஞ்சின் மேல் ஒட்டியிருக்கும் எண் அல்ல. ஐந்து அடி வீச்சுவெட்டிக்குப் பிடிஓவில் 25 வேண்டும். அகலம் பின்சக்கரத் தடத்தை மூடினால் நல்லது, இல்லாவிட்டால் சக்கரம் மிதித்த புல் வெட்டுப்படாமல் படுத்துக்கொள்ளும். அகலத்துக்கு ஆசைப்பட்டு மெல்லிய தகட்டில் வாங்குவதைவிட, ஓர் அடி குறைத்துக் கனமானதை வாங்கலாம். ஆனால் எடையைத் தூக்குவது உங்கள் வண்டி. பின்னால் தூக்கியதும் முன்சக்கரம் லேசானால் திருப்பம் கைக்கு வராது, முன்னால் எடை கட்ட வேண்டும். ஒரு அங்குலத் தடிமனுள்ள செடித்தண்டுக்கு இலகுரகம், இரண்டுக்கு நடுத்தரம், மூன்றும் அதற்கு மேலும் கனரகம்.'

ஒரே ஒரு சொல் பாக்கி நிற்கிறது. பழைய டிராக்டர்களில் கிளட்சை மிதித்தாலும் பிளேடுகளின் சுழற்சி பிடிஓ வழியாகவே வண்டியை முன்னால் தள்ளிக்கொண்டு போகும். அதைத் துண்டிக்கத் தண்டில் ஓவர்ரன்னிங் கப்ளர் மாட்டுவார்கள். ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும், மறுபக்கம் விட்டுவிடும், மிதிக்காதபோது சைக்கிளின் பின்சக்கரம் தானாக ஓடுகிறதே, அதே வேலை. 'ஒருவழி இணைப்பி' என்று எழுதினால் போக்குவரத்துப் பலகை போல இருக்கிறது. 'விடுபிடி' என்று ஒன்று தோன்றியது. ஐயா, இலக்கணம் பார்த்துச் சொல்லுங்கள்.